பல்கலைச் செல்வர் சத்யஜித் ரே

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரே காலத்தில் பல பணிகளில் கை வைப்பவன் எதனையும் முடிக்கமாட்டான் என்பது அதன் கருத்து. பெரும்பாலார்க்கு இது பொருந்தும் உண்மையே. ஆயினும், பல கலைகளை ஒருங்கே மேற்கொண்டு, அவற்றுள் ஒன்றையும் குறைபட விடாது நிறைவேற்றிய சிலரையும் உலகம் கண்டுள்ளது. அத்தகையோருள் ஒருவர் வங்கம் ஈன்ற சத்யஜித் ரே. உலகம் அவரைத் திரைப்பட இயக்குநர் என்று போற்றுகிறது. வங்கச் சிறுவர்களோ அவரைக் கதையாசிரியர் என்றே முதலில் அறிவர். அவர் ஓவியர், இசை அமைத்தவர், எழுத்துருக்களை வடித்தவர், சிறுவர் இதழொன்றின் ஆசிரியர். இத்தனை பணிகளும் அவரைச் சிதறடிக்காமல் ஒன்றையொன்று தாங்கி நின்ற வரலாறு நாம் அறியத்தக்கது.

பிறப்பும் குடும்பமும்

இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா நகரில், 1921ஆம் ஆண்டு மே திங்கள் 2ஆம் நாள் சத்யஜித் பிறந்தார். அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர், இசை வல்லுநர், அச்சுத்தொழில் மேதை எனப் பல சிறப்புகளும் ஒருங்கே வாய்ந்தவர். புகைப்படங்களை நுண்புள்ளிகளாக மாற்றி அச்சிடும் முறையில் அவர் செய்த ஆராய்ச்சிகள் மேனாட்டாராலும் மதிக்கப்பெற்றன. 1913ஆம் ஆண்டில் அவர் சிறுவர்களுக்கென ‘சந்தேஷ்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். சந்தேஷ் என்ற சொல்லுக்கு வங்காளியில் செய்தி என்றும் பொருள் உண்டு. இனிப்புப் பண்டம் என்றும் பொருள் உண்டு. அறிவும் சுவையும் கலந்த இதழுக்கு அப்பெயர் பொருத்தமாக அமைந்தது.

உபேந்திரகிஷோரின் மைந்தர் சுகுமார் ரே தந்தைக்குப்பின் அவ்விதழை நடத்தினார். நகைச்சுவைப் பாடல்களால் வங்கக் குழந்தைகளின் உள்ளத்தைக் கொள்ளைகொண்ட அப்பெருமகனார், 1923ஆம் ஆண்டில் கருங்காய்ச்சல் என்னும் கொடிய நோய்க்கு இரையானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறும் நிரம்பவில்லை. அவருடைய ஒரே மகனான சத்யஜித்துக்கோ வயது இரண்டரைகூட ஆகவில்லை. சில ஆண்டுகளில் அச்சகமும் நொடித்தது, வீடும் கைவிட்டுப் போயிற்று, இதழும் நின்றது. அன்னை சுப்ரபா தம் மகனை அழைத்துக்கொண்டு உடன்பிறந்தார் இல்லத்தில் புகலடைந்தார். கணவரை இழந்த மகளிர்க்கான பள்ளியொன்றில் தையற்கலை கற்பித்துப் பொருளீட்டி, மகனைக் கண்ணுங் கருத்துமாக வளர்த்தார்.

அச்சுப்பொறிகளின் ஓசையும் மையின் மணமும் நிறைந்திருந்த இல்லத்தில் பிறந்த சிறுவன், அவை யாவும் மறைந்துபோனதைக் கண்டே வளர்ந்தான். இழந்த அச்செல்வத்துள் ஒன்றைப் பிற்காலத்தில் அவரே மீட்டெடுத்ததைப் பின்னர்க் காண்போம்.

கல்வியும் முதற்பணியும்

சத்யஜித் கல்கத்தாவிலுள்ள மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றார். பின்னர், அன்னையின் விருப்பத்திற்கிணங்க, 1940ஆம் ஆண்டில் இரவீந்திரநாத் தாகூர் நிறுவிய சாந்திநிகேதனத்தில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். அங்கு நந்தலால் போஸ், வினோத பிகாரி முகர்ஜி ஆகிய பேராசிரியர்கள் அவருக்கு நம் நாட்டுக் கலையின் நுட்பங்களை உணர்த்தினர். அஜந்தா, எல்லோரா முதலிய இடங்களுக்குச் சென்று, பண்டைச் சிற்பங்களையும் ஓவியங்களையும் கண்ணாரக் கண்டார். ஓவியத்தையே தொழிலாகக் கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லாமையால், படிப்பு முடியுமுன்பே 1942ஆம் ஆண்டின் இறுதியில் அவ்விடம் விட்டு நீங்கினார். ஆயினும், உற்றுநோக்கும் பழக்கமும், சிறு கோட்டில் பெரும்பொருளை அடக்கும் ஆற்றலும் அவரை விட்டு நீங்கவில்லை.

1943ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் நடத்திய விளம்பர நிலையம் ஒன்றில், திங்களுக்கு 80 ரூபாய் ஊதியத்தில் வரைகலைஞராக அமர்ந்தார். பகற்பொழுது அந்நிலையத்திற்கு உரியதாயிற்று. மற்ற நேரத்திலோ அவர் வாளா இருந்தாரில்லை. சிக்னெட் அச்சகம் என்னும் புத்தக நிலையத்திற்கு அட்டைப்படங்கள் வரைந்தார். அவருடைய கைவண்ணத்தால் வங்க நூல்களின் தோற்றமே புதுமை பெற்றது. அந்நிலையத்தார் விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் நாவலைச் சிறுவர்க்கெனச் சுருக்கி வெளியிட முனைந்தபோது, அதற்குப் படங்கள் வரையும் பணி ரேயிடம் வந்தது. வறுமையில் உழலும் ஓர் அந்தணக் குடும்பம். அதில் அப்பு என்னும் சிறுவன், துர்க்கை என்னும் அவன் தமக்கை. அவர்களைக் கோடுகளால் வரையும்போதே, இக்கதையைத் திரைப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் ரேயின் உள்ளத்தில் வித்தாக விழுந்தது.

1947ஆம் ஆண்டில் நண்பர்கள் சிலருடன் கூடிக் கல்கத்தாத் திரைப்படக் கழகத்தை நிறுவினார். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 1949ஆம் ஆண்டில் படமெடுக்கும் பொருட்டு வங்கத்திற்கு வந்தபோது, ஏற்ற இடங்களைத் தேடிக் காட்டி உதவினார். அவ்வாண்டிலேயே விஜயா என்னும் நங்கையை மணந்தார். மறு ஆண்டில் விளம்பர நிலையம் அவரை இலண்டனுக்கு அனுப்பியது. அங்குத் தங்கிய சில திங்களில், அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதிலெல்லாம் படக்காட்சிகளைக் கண்டார். அவ்வாறு கண்ட படங்கள் ஏறத்தாழ நூறு. அவற்றுள் ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் இத்தாலியப் படம், பெரும்பொருளும் புகழ்பெற்ற நடிகரும் இன்றியே உயர்ந்த படம் எடுக்க இயலும் என்ற உறுதியை அவருக்கு ஊட்டியது. தாயகம் திரும்பும் கப்பலிலேயே பதேர் பாஞ்சாலிக்கான காட்சிகளைத் தீட்டத் தொடங்கிவிட்டார்.

முதற் படம்

பாட்டில்லை, நடனமில்லை, பெயர்பெற்ற நடிகரும் இல்லை என்று அறிந்த படமுதலாளிகள் கையை விரித்தனர். ரே மனந்தளரவில்லை. ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தின்மீது கடன் பெற்றார். நண்பரிடமும் உறவினரிடமும் பொருள் வேண்டினார். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் படப்பிடிப்பைத் தொடங்கினார். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவோ அதற்குமுன் திரைப்படக் கருவியைக் கையாண்டறியாத இளைஞர்.

அலுவலகத்தை விட்டு நீங்க இயலாமையால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாள்களிலுமே படம் எடுக்க முடிந்தது. முதன்முதலில், நாணற்பூக்கள் வெண்மையாகப் பூத்துக் குலுங்கும் வெளியில், அக்காளும் தம்பியும் புகைவண்டியைக் காண ஓடும் காட்சியை எடுக்கத் தொடங்கினார்கள். பாதிக் காட்சி முடிந்தது. மறுவாரம் அவ்விடத்திற்குச் சென்றபோது, பூத்திருந்த நாணலை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! எஞ்சிய பகுதியை எடுக்க மறு ஆண்டு நாணல் பூக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

பொருள் முட்டுப்பாட்டால் பணி பலமுறை நின்றது. விஜயா தம் அணிகலன்களை அடகு வைக்க உவந்தளித்தார். ரே அரிதின் தேடிச் சேர்த்த நூல்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். பணமின்மையைக் காட்டிலும் அவரை வருத்திய அச்சம் வேறு. படப்பிடிப்பு நின்ற ஒவ்வொரு திங்களிலும் காலம் ஓடிக்கொண்டிருந்தது. அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடைந்துவிட்டால் என் செய்வது? துர்க்கையாக நடித்த சிறுமி வளர்ந்துவிட்டால் என் செய்வது? முதியவளாக நடித்த சூனிபாலா தேவியோ எண்பதை அணுகிய மூதாட்டியார். இவற்றுள் எது நிகழினும் அதுகாறும் செய்த உழைப்பனைத்தும் வீணாகியிருக்கும். நல்லூழாக இவை ஒன்றும் நேரவில்லை. எனினும், படம் மக்கள் பார்வைக்கு வருமுன் சூனிபாலா தேவியார் மறைந்தார்.

முடிவில் அன்னை சுப்ரபாவுக்கு அறிமுகமானவர் வாயிலாக, அந்நாள் மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் விதான் சந்திர ராயின் துணை கிட்டியது. அரசு பொருளுதவி செய்ய இசைந்தது. பதேர் பாஞ்சாலி என்பதற்கு வழிநடைப் பாட்டு என்பது பொருளாதலின், அப்பணம் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பெற்றது என்பர். துயரமான முடிவை மாற்றி எழுத வேண்டும் என்ற கருத்து எழுந்தபோது, ரே அதற்கு உடன்படவில்லை. இரவிசங்கர் ஒரே அமர்வில் படத்திற்கான இசையை அமைத்து நல்கினார். உறக்கமின்றி இரவும் பகலும் உழைத்து முடித்த அப்படம், 1955ஆம் ஆண்டு மே திங்களில் நியூயார்க்கு நகரின் நவீனக் கலைக் காட்சிசாலையில் முதன்முதலாகக் காட்டப்பெற்றது. ஆகஸ்டு திங்களில் கல்கத்தா மக்கள் அதனைக் கண்டனர். மறு ஆண்டு பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவில், மனித வாழ்வைக் காட்டும் சிறந்த ஆவணம் என்னும் பரிசு அதற்குக் கிடைத்தது.

நிலையான வேலையைத் துறத்தல்

1956ஆம் ஆண்டில், பதின்மூன்று ஆண்டுகள் பார்த்துவந்த வேலையை விடுத்து, ரே கலையையே வாழ்வாக மேற்கொண்டார். மாதந்தோறும் வரும் ஊதியத்தை உதறுதல் எளிய செயலன்று. அவ்வாண்டிலேயே வெளிவந்த அவருடைய இரண்டாம் படமாகிய ‘அபராஜிதோ’ கல்கத்தாவில் போதிய ஆதரவு பெறவில்லை. பலரும் அஞ்சியிருப்பர். ஆயினும் 1957ஆம் ஆண்டில் வெனிசு நகர விழாவில் அதற்கே தலையாய பரிசான தங்கச் சிங்கம் கிடைத்தது. 1959ஆம் ஆண்டில் ‘அப்புவின் உலகம்’ வெளிவந்து, அப்புவின் வரலாறு மூன்று படங்களாக நிறைவெய்தியது.

மீண்டும் மலர்ந்த சந்தேஷ்

1961ஆம் ஆண்டு ரேயின் வாழ்வில் குறிக்கத்தக்கது. அது தாகூரின் நூற்றாண்டு விழா ஆண்டு. தாகூரின் வாழ்வைக் காட்டும் செய்திப்படம் ஒன்றை அவர் ஆக்கினார். தாகூரின் சிறுகதைகள் மூன்றைக் கொண்டு ‘மூன்று கன்னியர்’ என்னும் படத்தையும் எடுத்தார். அப்படத்திற்குத் தாமே இசையமைத்தார். அதன்பின் தம் படங்களுக்கெல்லாம் இசை அமைப்பதைத் தம் பணியாகவே கொண்டார். இத்தனைக்கும் இடையே, கவிஞர் சுபாஷ் முகோபாத்தியாயரின் துணையுடன், பாட்டனார் தொடங்கித் தந்தையார் வளர்த்த சந்தேஷ் இதழுக்கு மீண்டும் உயிரூட்டினார். தந்தையார் மறைந்து முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின் அவ்விதழ் அவருடைய மைந்தரின் கையில் மலர்ந்தது.

அவ்விதழால் அவருக்கு ஊதியம் ஏதும் இல்லை, உழைப்பே மிகுதி. அட்டையை அவரே வரைந்தார். கதைகளுக்குப் படம் தீட்டினார். இதழை நிரப்பத் தாமும் எழுதலானார். அவ்வாறு எழுதத் தொடங்கிய கையிலிருந்தே பேராசிரியர் ஷங்கு என்னும் விந்தை அறிவியலாளர் 1961ஆம் ஆண்டில் பிறந்தார். 1965ஆம் ஆண்டில் ஃபெலுடா என்னும் துப்பறிவாளர் பிறந்தார். இவ்விருவரும் வங்கச் சிறுவர்களின் நெருங்கிய தோழராயினர். அத்தை முறையான எழுத்தாளர் லீலா மஜும்தார், உறவினர் நளினி தாஸ் ஆகியோர் இதழாசிரியப் பணியில் அவருடன் தோள் கொடுத்தனர்.

குடும்பக் கடமையாகக் கருதி மேற்கொண்ட இவ்வெழுத்து, பின்னாளில் அவருக்கே பெருந்துணையாயிற்று. அவர் எடுத்த படங்கள் புகழைத் தந்த அளவுக்குப் பொருளைத் தரவில்லை. நூல்கள் ஈட்டிய வருவாயே குடும்பத்தைத் தாங்கியது. அதனால், பணத்தின் பொருட்டு விருப்பமில்லாத படத்தை எடுக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்படவில்லை. எழுத்து திரைப்படத்தின் நேரத்தைப் பறிக்கவில்லை. அதன் உரிமையைக் காத்தது.

பணிகளை ஒழுங்கு செய்த முறை

பல பணிகளையும் குழப்பமின்றிச் செய்ய ரே கையாண்ட கருவி மிக எளியது. வணிகர்கள் வரவுசெலவு எழுதும் சிவப்புத்துணி அட்டையிட்ட கணக்கேடே அது. ஒவ்வொரு படத்திற்கும் அத்தகைய ஏடு வைத்துக்கொள்வார். உரையாடல், காட்சிகளின் சிறு படங்கள், நடிகரின் உடை, அறையின் அமைப்பு, இசைக்குறிப்பு ஆகிய யாவும் அவற்றில் இடம்பெறும். படப்பிடிப்புக்குச் செல்லுமுன்பே படம் முழுதும் அவர் மனக்கண்முன் ஓடி முடிந்திருக்கும். வீட்டில் சாய்ந்தமர்ந்து, மடியில் பலகையை வைத்துக்கொண்டு, அவர் எழுதியும் வரைந்தும் கொண்டிருப்பதைக் காட்டும் புகைப்படங்கள் பல உள்ளன.

ஒரு பணியில் பெற்ற பயிற்சியை மற்றொன்றில் பயன்கொள்ளுதல் அவருடைய மற்றொரு பண்பு. விளம்பர நிலையத்தில் கற்ற வரைகலை, படங்களின் சுவரொட்டிகளிலும் தலைப்பெழுத்துகளிலும் ஒளிவீசியது. உரோமன் எழுத்துகளுக்கும் அவர் புதிய உருக்கள் வடித்தார். 1969ஆம் ஆண்டில் பாட்டனார் எழுதிய கதையொன்றைக் கொண்டு ‘கூப்பியும் பாகாவும்’ பாடிக் களிக்கும் படத்தை எடுத்தார். சிறுவர்க்கேற்ற படமொன்று எடுக்க வேண்டும் என்று மகன் சந்தீப் வேண்டியதன் பயன் அது. அதன் பாடல்களையும் இசையையும் உடைகளையும் அவரே அமைத்தார். பொருட்குறையால் முழுப்படத்தையும் வண்ணத்தில் எடுக்க இயலவில்லை. இறுதிப் பகுதி மட்டுமே வண்ணத்தில் அமைந்தது. எனினும் கல்கத்தாவில் அது நெடுநாள் ஓடி, பெரியோரையும் சிறியோரையும் ஒருங்கே மகிழ்வித்தது. அவ்வாறே, தாம் எழுதிய ஃபெலுடாக் கதையொன்றை, இராசத்தானத்து ஜெய்சால்மர்க் கோட்டையில் 1974ஆம் ஆண்டில் ‘பொற்கோட்டை’ என்னும் படமாக்கினார்.

தம் ஆசிரியரையும் அவர் மறந்தாரில்லை. கண்ணொளி இழந்தபின்னும் கலையைக் கைவிடாத வினோத பிகாரி முகர்ஜியைப் பற்றி 1972ஆம் ஆண்டில் ‘அகக்கண்’ என்னும் செய்திப்படம் எடுத்தார். தமிழகத்தின் தவக்கொழுந்தாகிய நாட்டியப் பேரரசி பாலசரஸ்வதியாரின் கலையை இளம்பருவத்தில் கல்கத்தாவில் கண்டு வியந்தவர் ரே. அவ்வம்மையாரின் வாழ்வையும் ஆடலையும் ‘பாலா’ என்னும் படமாக 1976ஆம் ஆண்டில் வடித்து, பின்வருவோர் கண்டு மகிழச் செய்தார். அப்படத்தை ஆக்குவதில் தமிழ்நாட்டரசும் பங்கு கொண்டது.

நோயும் உழைப்பும்

தாகூரின் ‘வீடும் வெளியும்’ என்னும் நாவலைப் படமாக்க வேண்டும் என்பது ரேயின் இளமைக் கனவு. 1940களிலேயே அதற்குத் திரைக்கதை எழுதினார். படமுதலாளி வேண்டிய மாற்றங்களுக்கு அவர் இணங்காமையால் அம்முயற்சி கைகூடவில்லை. பல்லாண்டுகள் கழித்து, புதிதாகத் திரைக்கதை எழுதி அப்படத்தை எடுத்துக்கொண்டிருந்தபோது, 1983ஆம் ஆண்டில் மாரடைப்பு நோய் அவரைத் தாக்கியது. மகன் சந்தீப் தந்தையின் குறிப்புகளைக் கொண்டு எஞ்சிய பகுதியை முடிக்கத் துணைநின்றார். 1984ஆம் ஆண்டில் படம் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ரேக்கு இதய அறுவை மருத்துவம் செய்யப்பெற்றது.

கடும்உழைப்பு ஆகாது என்று மருத்துவர் தடுத்தனர். படக்கருவியை விட்டு விலகியிருந்த அவ்வாண்டுகளில் எழுதுகோல் அவரைத் தாங்கியது. கதைகள் எழுதினார், மகன் இயக்கிய தொலைக்காட்சித் தொடருக்குத் திரைக்கதை வரைந்தார். 1987ஆம் ஆண்டில் தந்தை சுகுமார் ரேயின் நூற்றாண்டை ஒட்டி அவரைப் பற்றிய செய்திப்படம் ஒன்றை ஆக்கினார். முகம் நினைவில்லாத தந்தைக்கு மைந்தர் செலுத்திய கடன் அது. உடல்நலம் சற்றுத் தேறியதும் மூன்று முழுநீளப் படங்களை எடுத்தார். அவற்றுள் இறுதியானது 1991ஆம் ஆண்டில் முடிந்த ‘அயலான்’ என்னும் படமாகும்.

புகழும் மறைவும்

1967ஆம் ஆண்டில் மகசேசே விருதும், பின்னர்த் தாதாசாகேப் பால்கே விருதும் அவரை அடைந்தன. பிரெஞ்சு நாடு தன் உயரிய விருதை அளித்தது. 1992ஆம் ஆண்டில், வாழ்நாள் பணிக்கான ஆஸ்கர் விருதை அவர் கல்கத்தா மருத்துவமனையில் படுக்கையிலிருந்தவாறே ஏற்றார். அவ்வாண்டிலேயே இந்திய அரசு பாரத ரத்னா விருது வழங்கியது. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 23ஆம் நாள், தம் எழுபதாம் வயதில், சத்யஜித் ரே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வம், முப்பதுக்கும் மேற்பட்ட படங்களும், தலைமுறை தலைமுறையாகச் சிறுவர் விரும்பிப் படிக்கும் கதைகளுமாகும்.

பல பணிகளை மேற்கொள்வோர் அனைவரும் ரே ஆகிவிட இயலாது. எடுத்த பணி ஒவ்வொன்றையும் அவர் முன்கூட்டியே திட்டமிட்டார். பிறர் வற்புறுத்தலுக்காக அதன் இயல்பை மாற்ற இசையவில்லை. நாணல் மறுபடி பூக்கும்வரை காத்திருக்கும் பொறுமை அவருக்கு இருந்தது. ஓவியமாயினும் கதையாயினும் இசையாயினும் திரைப்படமாயினும், மனிதரை அன்போடு உற்றுநோக்கும் ஒரே பணியைத்தான் அவர் வெவ்வேறு கருவிகளால் செய்துவந்தார். பல மரங்களைக் கண்டும், எடுத்த மரத்தை முடிக்காது விடாத தச்சராக அவர் விளங்கியது இதனாலேயே ஆகும்.